யோசித்தால் விரல் குளிரும்

காலை ஏழு மணிக்கே வரிசை மாடிப்படியை விட்டு இறங்கி, தெருமுனை சலூன் வரைக்கும் போய்விட்டது. நின்றவர்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் கிடக்கிறது. கிடந்தால் என்ன? முந்திக்கொண்டவருக்குத்தானே சீட்டு! ஒரு கர்ப்பிணிகூட நின்றிருந்தாள். "பொறந்த பிறகு பாத்துக்கலாம்னா பேட்ச் நிறைஞ்சிடுமாம்" என்று பக்கத்தில் நின்றவளுக்கு விளக்கம் வேறு.

மாடியில் இருந்தது விடைச்சூடு பயிற்சி மையம். நடத்துகிறவரை எல்லாரும் 'விரலய்யா' என்றார்கள். அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் சரியான விடைக்கு மட்டும் லேசான சூடு உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு வட்டங்களையும் கட்டைவிரலால் தடவினால் அது தெரிந்துவிடும். படிக்க வேண்டாம், எழுதிப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. யோசிக்கவே கூடாது. யோசித்தால் விரல் குளிர்ந்துவிடும்!

ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டைவிரலுக்குக் கம்பளி உறை மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். விரலில் ஈரம் படக் கூடாதென்று தாய்மார்கள் சோறு ஊட்டினார்கள். மீசை அரும்பிய தடியன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பைண்டிங் பட்டறையில் புத்தகம் தைக்கிற ஒருத்தியின் மகளும் அங்கே சேர்ந்திருந்தாள். சேர்த்துவிட்டவர் அப்பா, பஸ் கண்டக்டர். மகள் ஒன்பதாவது; கணக்கில் கெட்டி. ஒரு மாதப் பயிற்சி முடிந்து அவள் ஒரு நீல அட்டையோடு வீட்டுக்கு வந்தாள். 'குளிர்விரல். கல்லூரிக்கு ஆகாது' என்று அதில் அச்சடித்திருந்தது. வந்ததும் வராததுமாகப் பாடப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்தாள்.

"பழைய பேப்பர்காரர் வந்தா போட்டுடும்மா."

பைண்டர்காரி கயிற்றை அவிழ்த்தாள். "என்னடி, மூணு வருஷம் கழிச்சு வர்ற பரீட்சைக்கு இப்பவே தோத்துட்டியா?"

"பத்துக் கேள்வி, நாலு நாலு விடையோட வாசிச்சாங்கம்மா. எல்லாருக்கும் பத்தும் சரி. எனக்கு மட்டும் ஏழாவது தப்பாப் போச்சு. நான்... யோசிச்சிட்டேன்." எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி சொன்னாள்.

"சரி, சூடு தெரிஞ்சுதா?"

"சூடெல்லாம் இல்ல. மூணாவது வட்டத்துல என்னமோ நெருடுச்சு. ஆனா கணக்குப் போட்டா ரெண்டாவதுதான் வருது. அதையே சொல்லிட்டேன்."

நெருடியதா? இருபது வருஷமாகக் காகிதத்தைத் தடவித் தடவியே பிழைக்கிறவள் அவள். சும்மா இருக்கும் காகிதம் நெருடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கண்டக்டர். "பெரிய பெரிய டிகிரி வாங்கினவங்களே வந்து வரிசையில நிக்கிறாங்க."

"நிக்கட்டும்ங்க. நிக்கிறதுக்கு எதுக்கு டிகிரி?"

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். இருநூறு பேர். கணவரையும் மகளையும் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, பைண்டர்காரி நேரே மேடைக்குப் போனாள்.

"ஐயா, என் விரலையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"தாராளமா! என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"அருமை! படிப்பு கம்மின்னா சூடு ஜாஸ்தி!"

கூட்டம் கைதட்டியது. கண்ணைக் கட்டினார்கள், தாளை முன்னால் வைத்தார்கள். கேள்வியைக் காதிலேயே வாங்காமல், நெருடிய இடத்தையெல்லாம் காட்டிக்கொண்டே போனாள். விரலய்யாவின் விடைப்பட்டியலோடு பத்தும் பொருந்தியது.

"பாத்தீங்களா! எட்டாவது படிச்ச அம்மா இன்னிக்கே டாக்டர் சீட்டு வாங்கலாம்!"

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டுவிட்டார்.

அவள் கட்டை அவிழ்த்தாள். "ஒரு சின்ன ஆசைங்க ஐயா. இதே தாளைக் கீழ ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன். அதே கேள்வி, அதே விடை. நீங்க ஒருவாட்டி தடவிக் காட்டணும்."

விரலய்யா கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பக்தர்கள் விடுவார்களா? "காட்டுங்க ஐயா! காட்டுங்க!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். கண்டக்டரே பெருமையோடு ஓடிப்போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

இப்போது கட்டு விரலய்யாவின் கண்ணில். "கேள்வியை வாசிக்க வேண்டாம். காதுல விழுந்தா ஐயா பாவம், யோசிச்சிடுவாரு" என்றாள். முன்னும் பின்னுமாக, தோன்றிய கேள்வியில் எல்லாம் அவர் விரலைப் பிடித்து வைத்தாள். மனிதர் தடவினார், தேய்த்தார், ஊதிக்கூடப் பார்த்தார். பத்துக்கு இரண்டு சரி.

"ஜெராக்ஸ் மெஷின் சூட்டை உறிஞ்சிடுச்சு!"

"அப்ப நிஜப் பரீட்சைத் தாளை மெஷின்ல அடிக்காம, உக்காந்து கையாலயா எழுதறாங்க?"

அவள் பழைய தாளை எடுத்தாள். பின்னால் கெட்டி அட்டை ஒட்டியிருந்தது. "வினாத்தாளுக்கு எதுக்குங்க அட்டை?" மூலையில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில் பிரித்து, தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பத்து ஊசித் துளைகள். பத்திலும் வெளிச்சம் வந்தது.

"ஏங்க, அந்த ஏழாவதைச் சத்தமா வாசிங்க."

கண்டக்டர் வாசித்தார். "ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் ஐம்பது, அறுபது. மூன்றாவது எவ்வளவு? துளை... எண்பதுல இருக்கு."

அந்த மண்டபத்தில் முதல்முறையாக ஒருவர் மனக்கணக்குப் போட்டார். "நூத்தி எண்பதுல நூத்திப் பத்து போனா... எழுபதுல்ல வரணும்?"

வரணும்தான்! விரலய்யாவுக்குக் கணக்கு வராது. ஊசியைத் தப்பான இடத்தில் குத்திவிட்டார். மையத்துச் சூட்டுவிரல்கள் அத்தனையும் எண்பது என்று சொல்லித் தங்கச் சான்றிதழ் வாங்கின. எழுபது என்று சொன்ன ஒரே பெண்ணுக்கு நீல அட்டை.

கண்டக்டர் மகளைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படிம்மா எழுபது வந்துச்சு?" என்றார்.

"யோசிச்சேன்ப்பா."

விரலய்யா பின்பக்கப் படியில் இறங்கி ஓடினார். பத்துப் பதினைந்து பேர் துரத்தினார்கள். உதைக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. முன்னால் ஓடிய அப்பா ஒருவர் மூச்சிரைக்கக் கூவினார்: "ஐயா, நில்லுங்க! அந்த ஊசியை நிஜப் பரீட்சைத் தாள்ல குத்திக் குடுக்க வழி இருக்கா?"

அன்பான பெற்றோர்களே! கட்டைவிரலிலிருந்து அப்படியே மேலே போங்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள். அதற்கும் மேலே உருண்டையாக ஒன்று இருக்கும். சீவி முடிந்துகொள்ள மட்டும் அதை யாரும் அங்கே வைக்கவில்லை.