ஜப்பான் பேய்க்கு நாலு மார்க் போட்ட விஷயமாக

மேற்கு மாம்பலம்,
ஆவணி, வளர்பிறை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் நதீம் அவர்களின் சமூகத்திற்கு, ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஜவுளி வியாபாரம் செய்துவரும் சண்முகவேல் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி பேச்சியம்மாளும் கடைச் சிப்பந்திகளும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் மந்தைவெளி அலுவலகத்தில் உள்ள அனைவரும் சுகமாயிருக்க திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் வேறு மார்க்கம் என்பது தெரியும். முருகன் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

நிற்க. தங்கள் பத்திரிகையில் வாராவாரம் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதும் ஷண்முகப்ரியா என்னுடைய ஒரே மகள். சொந்தக்காரர்கள் கேட்டால் "பத்திரிகையில் இருக்கிறாள்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டில் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேம் ஆடுகிறாள், அதற்கு மாதம் பிறந்தால் சம்பளம் போடுகிறார்கள் என்று எங்கள் ஊர் சாத்தான்குளத்தில் போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? அவள் போன மாதம் ஜப்பான்காரன் செய்த ஒரு பேய் விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அசல் பெயர் என் வாயில் நுழையாது, அவள் தமிழில் 'விளக்கணைந்த பட்டு மாளிகை' என்று போட்டிருந்தாள். மலைமேல் பாழடைந்து கிடக்கும் ஒரு பட்டுக்கடை, காணாமல்போன தோழியைத் தேடி ஒரு பெண் காகித விளக்கோடு உள்ளே போகிறாள், அங்கே நெய்து நெய்தே செத்துப்போன பெண்கள் பேயாக அலைகிறார்கள், விளக்கைத் தூக்கிக் காட்டினால் பேய் விலகும், எண்ணெய் தீர்ந்தால் இவள் கதையும் தீரும். இதுதான் விளையாட்டு. வெளிநாட்டு விமர்சகர்கள் எட்டு, ஒன்பது என்று அள்ளி வீசியிருக்க, என் மகள் மட்டும் பத்துக்கு நாலு போட்டாள். அந்த நாலுதான் இப்போது என் குடியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். பாண்டி பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி அண்ணாச்சி எங்கள் ஊர்ப்பக்கம், நல்ல குடும்பம். அவர் மகன் ராம்குமார் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஆடி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். இதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் என் மகள் ஆளுக்கொரு குறை சொல்லித் தள்ளிவிட்டாள் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் கடையிலிருந்து நல்ல பட்டாக ஒன்று எடுத்துவந்து கொடுப்பேன். வந்தவர்கள் படியிறங்கி முடிப்பதற்குள் உள்ளே போய் அவிழ்த்து, நறுக்கென்று மடித்து என் கையில் வைத்து, "கடைக்குத் திருப்பிக் கொண்டு போயிருங்கப்பா" என்பாள். கட்டிய சேலையை விற்கிற கடையா நம்முடையது? எல்லாம் பேச்சியம்மாளின் பீரோவில் சேர்ந்திருக்கிறது, அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த முறை எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. கேசரி சாப்பிட்டார்கள், வாழைக்காய் பஜ்ஜியை இரண்டாம் முறை வாங்கினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் பால்கனிக்கு அனுப்பினோம். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து மாப்பிள்ளைக் குரல் கேட்டது. "நாலா? அதுக்கு நாலு போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என் மகள் விட்டாளா? "ஒரே வராந்தாவுல திரும்பத் திரும்ப நடக்க விட்டா நாலுதான் வரும். நாலே ஜாஸ்தி" என்றாள். "மெதுவா நடந்தாத்தான் பயம் ஊறும்." "பயம் ஊறல, தூக்கம்தான் ஊறுச்சு." உள்ளே மிச்சக் கேசரி ஆறிப்போய்விட்டது. கணேசமூர்த்தி அண்ணாச்சியின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நகைக்கடைக்காரர் இல்லையா, நாலு நாலு என்று காதில் விழுந்ததும், நான் பெண்ணுக்கு நாலு பவுன்தான் போடப் போகிறேனாம், அதை அவளே மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம் என்று எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, என்ன சொல்லுதாக?" என்று என்னைக் கேட்டார். எனக்கே தெரியாதபோது நான் என்ன சொல்ல? தண்ணீர் குடிங்க என்றேன்.

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. தங்கள் பத்திரிகையின் இணையதளத்தில் அந்த விமர்சனத்துக்குக் கீழே, ஏதோ புனைபெயரில், விமர்சனத்தைவிட நீளமாக ஒரு மறுப்பு எழுதியிருந்த ஆசாமி யார் என்று நினைக்கிறீர்கள், அது இந்த ராம்குமார்தான். அதற்குப் பதில் எழுதி, "தங்கள் ரசனைக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று முடித்திருந்தது என் மகள். இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பால்கனியில்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்க்கிற இடத்தில் அரை மணி நேரம் பேய்க்காகச் சண்டை போட்ட ஜோடி தமிழ்நாட்டிலேயே இதுவாகத்தான் இருக்கும். அவர்கள் போனபிறகு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் மட்டும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஏங்க, கவனிச்சீங்களா, அவ இன்னும் சேலைய மாத்தல" என்றாள். பெற்றவன் வயிறு எரிகிற நேரத்தில் இவளுக்குச் சேலைதான் கண்ணில் படுகிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் கணேசமூர்த்தி அண்ணாச்சி போன் போட்டார். "அண்ணாச்சி, குடும்பம் பிடிச்சிருக்கு, பிள்ளையும் பிடிச்சிருக்கு. அந்த நாலுதான் இடிக்கி. பையன் சாப்பாட்டுல மனசில்லாம அந்தக் கேமையே மறுபடி மறுபடி போட்டு ஆடுதான். பத்திரிகைல ஒரு வார்த்தை சொல்லி எட்டாக்கிருங்க. மத்தத பேசிக்கிடலாம்." நானும் யோசித்தேன். நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் என் மகள் வாழ்க்கை நிற்கிறது. ஆனால் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் விலை பேசி எனக்குப் பழக்கமில்லை. மகளிடம் கேட்டேன். "ஆடிப் பாத்துட்டு வந்து பேசுங்கப்பா" என்று கேம் ஆடுகிற அந்தப் பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டு டிவி பேச்சியம்மாளின் சீரியலுக்கு நேர்ந்துவிடப்பட்டது, அதைத் தொட முடியாது. எனவே பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போனேன். கடையில் இருப்பது ஒரே டிவி, வாசல் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து மாட்டியிருப்பது, நாள் முழுக்க மாடல் பெண்கள் சேலை கட்டிக்கொண்டு நடப்பார்களே, அதுதான். எங்கள் சீனியர் சேல்ஸ்மேன் கோபால், பட்டினப்பாக்கத்துக்காரர், ஒயரை அதில் சொருகிவிட்டார்.

மத்தியானம் ஆள் வரத்து இல்லாத நேரம். நான் கல்லாவை விட்டு எழுந்துவந்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பொத்தான்களைப் பிடித்தேன். மாளிகைக்குள் போனேன். அடுக்கு அடுக்காகப் பட்டு, என்ன நேர்த்தி, என்ன வர்ணம், எங்கள் குடோனில் அந்த ஒழுங்கு கிடையாது. பின்னாலிருந்து கோபால், "மொதலாளி, வெள்ளையா ஒண்ணு வந்துகினு கீது, ஓடு, ஓடு" என்றார். "வந்தவங்கள விட்டுட்டு ஓடுதுக்கா கடை நடத்துதோம்?" என்றேன். "கஸ்டமர் இல்ல மொதலாளி, அது பேய்." "மத்தியானத்துக்கு மேல ஒருத்தரும் வரல. யாரா இருந்தா என்ன, நில்லும், என்ன வேணும்னு கேப்போம்." நின்றேன். பேய் என்னை அடித்துப் போட்டுவிட்டது. மறுபடி நின்றேன், மறுபடி அடித்தது. கோபால் கண்ணை மூடிக்கொண்டு இயேசுவையும் மாரியாத்தாளையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். நான் விளக்கைத் தூக்கவே இல்லை. வாசலுக்கு வந்தவர் முகத்தில் வெளிச்சம் அடித்து விரட்டுவது எனக்குக் கை வரவில்லை.

இதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனம் நின்று பேயைப் பார்க்கிறது. அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் பழைய வாடிக்கை லூர்துமேரி அக்கா உள்ளே வந்தார்கள், கோபாலின் பட்டினப்பாக்கத்திலேயே மீன் வியாபாரம் செய்பவர்கள், மகளுக்கு சர்ச்சில் கல்யாணம். வந்த வேகத்தில், "டிவில நிக்கிற பொண்ணு கட்டிக்கினு கீற வெள்ளப் பட்டு எட்து போடு, அதே செவப்புக் கரை" என்றார்கள். "அக்கா, அது பேய்" என்றேன். "பேயா இருந்தா இன்னா, சேலை சோக்காக்கீதுல்ல" என்றார்கள். ஐயா, அந்தப் பேய் உடுத்தியிருந்த ரகம் எங்களிடம் இல்லை. காஞ்சிபுரத்துக்குச் சொல்லி நெய்ய வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் மாடல் பெண்கள் ஒரு வருஷமாக நடந்து இழுக்காத வியாபாரத்தை ஒரு பேய் ஒரு மத்தியானத்தில் இழுத்தது என்றால் அதற்கு நாலு மார்க் எப்படிப் போதும்?

அதோடு என் மகளின் விமர்சனத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. "பேய்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பது கடைசிவரை விளங்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள். எனக்கு உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. அந்தப் பெண் சாவியைத் தேடுகிறேன், எண்ணெயைத் தேடுகிறேன் என்று ஒவ்வொரு அலமாரியாகத் திறக்கிறாள், பட்டைப் பிரித்துப் பிரித்துத் தரையில் போடுகிறாள், ஒன்றையாவது மடித்து வைத்தாளா? கிடையாது. அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அங்கே வேலை பார்த்தவர்கள் வயிறு எரியுமா எரியாதா? நூறு சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வரோம்" என்று எழுந்துபோகிறவர்களைப் பார்த்து எங்கள் கோபாலுக்கு வருகிற அதே கோபம்தான் அது. ஜவுளிக்கடைக்காரன் மகளுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே ஐயா, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து, அந்த நாலை எட்டாக மாற்றி, ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிட வேண்டுகிறேன். எட்டு அதிகம் என்று தாங்கள் நினைத்தால் ஏழரை, ஏழரை வேண்டாம், அது சனியை ஞாபகப்படுத்தும், ஏழு என்று வைத்துக்கொள்வோம். வராந்தா சமாச்சாரத்துக்காக அரை கழித்துக்கொள்ளுங்கள், ஆறரை. இதற்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது. கல்யாணக் காரியம், தாங்களும் பிள்ளை பெற்றவர், மனசு வைக்கவேண்டும்.

தங்கள் இல்லத்தில் செல்வமும் ஆரோக்கியமும் நிறைந்து, பத்திரிகை வீட்டுக்கு வீடு நுழைந்து, தாங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும். வீட்டாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். துணி எடுக்க அவசியம் கடைக்கு வாருங்கள். எங்களுடையது ஒரே விலைக் கடை, பேரம் கிடையாது, ஆனால் காப்பி உண்டு.

தங்கள் ஆதரவை நாடும்,
ஆ. சண்முகவேல்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதை உறையில் போடுமுன் கல்லா மேல் வைத்துவிட்டு ஒரு கஸ்டமரைக் கவனிக்கப் போனேன். அதற்குள் ஷண்முகப்ரியா கடைக்கு வந்து எடுத்துப் படித்துவிட்டாள். கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிற 'ஒரே விலை' போர்டை ஆணியிலிருந்து கழற்றி, துடைத்து, என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வந்த ஜனம் போர்டு எங்கே, இன்றைக்குப் பேரம் உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ராம்குமார் தனியாகக் கடைக்கு வந்தார். சட்டை எடுக்க என்று சொன்னார், ஒரு சட்டையையும் தொட்டுப் பார்க்கவில்லை. "மாமா, மார்க்க மாத்தச் சொல்லி அப்பா உங்ககிட்ட கேட்டாராமே. தயவுசெஞ்சு மாத்திராதீங்க" என்றார். என்ன மாப்பிள்ளை, எட்டு வந்தால் உமக்குச் சந்தோஷம்தானே என்றேன். "நான் சொல்லி மாத்துற பொண்ணுகிட்ட நான் என்னத்த மாமா பேசுறது? இன்னும் அந்த வராந்தா விஷயமே முடியல. தை மாசம் கல்யாணம் வச்சா, பொறுமையா உக்காந்து பேசித் தீர்த்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு, என் மடியிலிருந்த போர்டை அவரே எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சொன்னேன். பேச்சியம்மாள் பீரோவைத் திறந்து காட்டினாள். பெண் பார்த்த அன்றைக்குக் கட்டிய சேலை அதில் இல்லை, ஷண்முகப்ரியா அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாளாம்.

எனவே நாலு நாலாகவே இருக்கட்டும். ஒருவேளை யார் சொல்லியாவது ஏற்கெனவே கூட்டிப் போட்டிருந்தால் உடனே குறைத்துவிடவும். கடைசியாக ஒன்று, இது நமக்குள். நேற்று அந்த விளையாட்டைக் கோபாலும் நானும் ஆடி முடித்துவிட்டோம். தோழி கிடைத்தாள், பொழுது விடிந்தது, இருவரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே மலையிறங்கிப் போய்விட்டார்கள். பிரித்த பட்டு பிரித்தபடியே கிடக்கிறது. என்னைக் கேட்டால் ரெண்டு மார்க்தான். மாப்பிள்ளை காதுக்கு இது போகவேண்டாம், தாலி ஏறுகிறவரைக்கும்.