எதிரணியின் நலம்விரும்பி

எதிரி தன் தவறைத் தானே திருத்திக்கொண்டால் ஒரு மனிதனுக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்?

பகைவனை நேசிப்பதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். பகைவன் வைத்திருக்கும் உதவாக்கரை மேனேஜரை நேசிப்பதைப் பற்றி ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஒரு மனித இனம் நம்மிடையே நடமாடுகிறது. எதிரணியின் நலம்விரும்பி என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

நீங்கள் அவனைப் பார்த்திருக்கிறீர்கள். கால்பந்து ரசிகன். அந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்குத்தான் மேனேஜர் என்று பெயர். தன் கிளப் தோற்ற அன்று தோசையைத் தொடமாட்டான். எதிர்க் கிளப் தோற்ற அன்று மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டே, "பாவம்பா அந்த மேனேஜரு, அவரைக் குத்தம் சொல்லக் கூடாது, டீமைக் கட்டணும்னா டைம் ஆவும் இல்ல?" என்று கண் கலங்குவான். அடுத்த வாரமும் அவர்கள் தோற்றால் கருணை இன்னும் பெருகும். ஆட்டக்காரர்கள் புதியவர்கள் என்பான், மழை என்பான், புல் சரியில்லை என்பான், நடுவர் என்பான், கடைசியில் அந்த மேனேஜருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா என்பான். அவனுடைய சொந்த கிளப்பின் மேனேஜர் ஒரே ஒரு ஆட்டத்தைச் சமனில் விட்டால்? "தூக்குபா அந்தாள மொதல்ல." அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாது.

"நமக்கு எதுக்கு? ஆனா நியாயம்னு ஒண்ணு கீது இல்ல" என்பது இந்த இனத்தின் கூவல். அது காதில் விழுந்தால், எதிரணி எங்கோ நன்றாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பொதுவாகப் பேசினால் நம்பமாட்டீர்கள். ஒருவனைப் பிடித்து வைத்துப் பார்ப்போம்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிற கிரண்குமார் முன்பு பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தான். இங்கிலாந்துக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டு ஆறுதல் சொல்கிற வேலை. அவர்களோடு நாலு வார்த்தை சகஜமாகப் பேச ஆளுக்கொரு கால்பந்து கிளப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். அன்று அவன் போட்டிருந்த சட்டை சிவப்பு. ஆகவே சிவப்புச் சட்டைக் கிளப். பிறகு வேலை போயிற்று, கிளப் ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் திரும்பி வந்ததும் கேபிள் டிவி நடத்தும் சிநேகிதன் சிட்டிபாபுவுக்கும் இந்த வியாதியைக் கொடுத்தான். கிரண்குமார் சிவப்பு என்பதால் சிட்டிபாபு நீலம். கிளப்புகளின் பெயரைச் சொன்னால் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த வரியிலேயே சண்டைக்கு வந்துவிடுவீர்கள். சிவப்பு, நீலம் என்பதே போதும். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஆடியது கபடி.

சிவப்புக் கிளப்பின் ஆட்டக்காரர் ஒருவரைப் பார்த்துக் கிரண்குமார் தோள்வரை முடி வளர்த்திருந்தான். பகல் முழுவதும் அதை ஒதுக்கிவிடுவதில் அவனுடைய வலது கைக்கு ஓய்வில்லை.

தீபாவளி வாரத்தில் நீலக் கிளப் தன் சொந்த மைதானத்திலேயே மிதிபட்டது. சந்தோஷம் தாங்காமல் கிரண்குமார் கடையில் மாட்டியிருந்த வெங்கடாசலபதி படத்தின் முன்னால் கைகூப்பி நின்றான். "சாமி, அந்த மேனேஜரு மகராசன் பொங்கலன்னிக்குப் பொழுது விடியறப்போ அதே சீட்டுல இருக்கணும். இருந்தா மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்!"

யோசித்துப் பாருங்கள். அந்த மேனேஜரின் வேலை நிலைக்க வேண்டும் என்று அவருடைய மாமியார்கூட வேண்டியிருப்பாரா என்பது சந்தேகம். உலகத்திலேயே அவருக்காகத் தன் தலைமுடியைப் பணயம் வைத்த ஒரே ஜீவன் எதிரணி ரசிகன். அதுவும், அவர் இன்னும் பல ஆட்டங்கள் தோற்கட்டும் என்பதற்காக. இந்த வேண்டுதலை நல்ல எண்ணத்தில் சேர்ப்பதா, கெட்ட எண்ணத்தில் சேர்ப்பதா? சாமிக்கே சற்றுக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அதை வாய்விட்டுச் சொன்னது தவறு. வாசலில் சிட்டிபாபு டீயும் கையுமாக நின்றிருந்தான்.

"ஏம் பாவா, மொக்கு மொக்கே கதா? சாட்சி நான்தான்" என்றான். மச்சான் முறை வைத்து, வேண்டுதல் வேண்டுதல்தான் என்று தெலுங்கில் முத்திரை குத்தியாயிற்று.

இதில் ஒரு கல்யாணமும் மாட்டிக்கொண்டது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலமனேரில் கிரண்குமாருக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பெண் பத்மினி, பள்ளிக்கூட டீச்சர். இதற்கு முன் கார்வேட்டிநகரத்தில் வந்த சம்பந்தம் ஒன்று கைநழுவிப் போயிருந்தது. பெண்ணின் மாமா சும்மா மரியாதைக்கு, "டிவி எல்லாம் பாப்பீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அவர் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருக்க, இவன் நீலக் கிளப்பின் தற்காப்பில் உள்ள ஓட்டைகளை விளக்கிக்கொண்டே இருந்தான். "பையன் நல்லவன்தான். ஆனா வேற ஊர்ல குடியிருக்கான்" என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். ஆகவே இந்த முறை அவன் அம்மா செல்லியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்: பலமனேரில் பந்து என்கிற பேச்சே எழக் கூடாது.

பொங்கல் வந்தது. பொழுதும் விடிந்தது. மத்தியானம் சிட்டிபாபுவின் கேபிள் ஆபீசில் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. நீலக் கிளப் தன் மேனேஜரை நீக்கிவிட்டது.

சிட்டிபாபு நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். கிரண்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அநியாயம்பா இது! செல்லாது! நல்ல நாளும் அதுவுமா ஒரு மனுசனை இப்பிடியா தொரத்துவாங்க? நோட்டீஸ் குடுத்தாங்களா? இன்னும் ரெண்டு வருசம் டைம் குடுத்தா அந்த டீமை எங்கியோ கொண்டு போயிருப்பான்!"

"எங்க? கீழ லீக்குக்கா?"

"நமக்கு எதுக்கு? ஆனா நியாயம்னு ஒண்ணு கீது இல்ல!"

சிட்டிபாபு மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினான். அவன் முகத்தில் ஒரு புதிய வெளிச்சம்.

"பாவா. நியூஸ் இப்பதானே வந்துது?"

"ஆமா."

"அப்போ காலைல பொழுது விடியறப்போ அந்தாளு சீட்டுலதானே இருந்தான்?"

கிரண்குமாரின் கை முடிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

டிவியின் அடியில் ஓடிய எழுத்துகளை அவன் இப்போதுதான் கவனமாகப் படித்தான். நிர்வாகக் குழு நேற்று இரவே கூடி முடிவெடுத்துவிட்டதாம். அறிவித்ததுதான் இன்று. படித்து முடித்தவன் ஆளே மாறிவிட்டான்.

"ராத்திரியே முடிவு பண்ணிட்டாங்கபா. போர்டுன்னா போர்டு. அவங்க முடிவு பண்ண நிமிசமே அவன் அவுட்டு. நல்ல முடிவு. கரெக்டான முடிவு. எப்பவோ எடுத்திருக்கணும்."

"எப்பிடிரா அவுட்டு? அந்தாளுக்கே தெரியாதே! காலைல எழுந்து, பல்லு வெளக்கி, மேனேஜரா உக்காந்து காபி குடிச்சிக்கினு இருந்திருப்பான்டா! ஆனாலும் நல்ல மனுசன். கொஞ்சம் டைம் குடுத்திருக்கலாம்."

கவனித்தீர்களா? சற்று முன் அந்த மேனேஜருக்காக உயிரை விட்டவன் இப்போது அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறான். அவர் தொலைந்தால் போதும் என்று மூன்று மாதமாகச் சபித்துக்கொண்டிருந்தவன் அவரைத் தாங்கிப் பிடிக்கிறான். இருவர் குரலிலும் அதே நியாய ஆவேசம். ஒரு சொல்கூடக் குறையவில்லை. கொள்கை என்பது வெகு லேசான சாமான். வேண்டிய பக்கத்துக்கு ஒரே கையால் தூக்கி வைத்துவிடலாம்.

நீக்கப்பட்டது தெரியாத மனிதன் பதவியில் இருக்கிறானா, இல்லையா? கேள்வி சிறியதல்ல. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே பல அலுவலகங்களும் சில குடும்பங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்த ஒரு பஸ் கண்டக்டர், "ஆர்டரு கைக்கு வர்ற வரிக்கும் டூட்டிதான்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். சிட்டிபாபு அதைச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான்.

தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு வந்த செல்லியம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"மொட்டை போட்டா தப்பில்லடா. மலையில முடி குடுக்காதவன் நம்ப பக்கம் எவன் கீறான்? பொண்ணு வூட்ல இன்னா வேண்டுதல்னு கேப்பாங்களே, இன்னா சொல்லுவ? வெள்ளக்காரனுக்கு வேலை போவக் கூடாதுன்னா?"

"நைனா ஒடம்புக்குன்னு சொல்லிடறேம்மா."

"மலைக்குப் போயி வந்த தலைய வச்சிக்கினு பொய் சொல்லுவியா? நாக்கு அழுவிடும்! துன்ற சோறு ஒட்டாது!"

அதுதான் சிக்கல். முடியை இழப்பது கஷ்டமில்லை. மொட்டைத் தலையோடு பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் பலமனேரும் கார்வேட்டிநகரம் மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் திருப்பதியில் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் வெங்கடராகவனுக்குப் போன் போட்டார்கள். அவர் மகன் வேதாந்த் பெங்களூரில் கிரண்குமாரோடு அறையில் இருந்தவன், அந்தப் பழக்கம். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இரண்டு கட்சிகளும் வாதாடின. நீலம் எது, சிவப்பு எது என்று அவர் மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, இப்போ பெருமாள் என்ன, வக்கீல் வச்சுண்டு வாசல்ல நிக்கறாரா?" என்றார். "ராத்திரியே முடிவாயிடுத்துன்னா நீ வேண்டிண்டது நடக்கலை. நடக்கலைன்னா கொடுக்க வேண்டியதும் இல்லை. பேசாம போய்ப் பொண்ணைப் பாரு. அந்த மேனேஜருக்கு வேற நல்ல உத்தியோகம் கிடைக்கட்டும்னு வேணா நான் சேவிச்சுக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் அந்த அறையில் முதல் தடவையாக ஒரு செய்தியாகக் கேட்டது. டிவியில் ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். மழை தூறியது. காமிராக்காரர்கள் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

சிட்டிபாபு இளகிவிட்டான். "சரி போ பாவா, முடிய நீயே வச்சிக்கோ. கேஸ் வாபஸ்." செல்லியம்மா ஏழுமலையானுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டாள். கிரண்குமாரின் முடி பிழைத்தது, கல்யாணம் பிழைத்தது. எல்லோரும் பொங்கல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கனுமா, அதாவது மாட்டுப் பொங்கல். அந்தப் பக்கத்தில் கனுமா அன்று யாரும் பயணம் புறப்படமாட்டார்கள். பஸ்கள் காலியாக ஓடும். அப்படி ஓடிய ஒரு திருப்பதி பஸ்ஸில் கிரண்குமார் யாரிடமும் சொல்லாமல் ஏறிப் போனான். மாலையில் தலையில் சந்தனம் மினுமினுக்கத் திரும்பி வந்து கடையைத் திறந்தான். செல்லியம்மா அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிட்டிபாபு அந்தத் தலையை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தான், கேலி செய்யாமல் டீ வாங்கி வரப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பலமனேரில், பயந்தபடியே, காபி வருவதற்கு முன்னாலேயே கேள்வி வந்தது. கேட்டவள் பத்மினி.

"இன்னா வேண்டுதலுங்க?"

செல்லியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு வேலை போவக் கூடாதுன்னு" என்றான் கிரண்குமார்.

"போவலியா?"

"போயிடுச்சி."

"போயிடுச்சா? அப்பறம் எதுக்கு மொட்டை?"

அவன் மொட்டைத் தலையைத் தடவினான். தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான். பந்து என்கிற பேச்சே எழவில்லை. பத்மினி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாசியில் முகூர்த்தம் என்று அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பினார்கள்.

அவன் ஏன் மொட்டை போட்டுக்கொண்டான்? அட்டைப்பெட்டியோடு போன மனிதருக்கு ஒரு வகையில் பரிகாரம் என்பது வேதாந்தின் கட்சி. பெங்களூரில் தனக்கு வேலை போன நாள் நினைவுக்கு வந்திருக்கும் என்பது சிட்டிபாபுவின் கட்சி. புது மேனேஜர் வந்து நீலக் கிளப் தேறிவிடக் கூடாதே என்று முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்பவர்களும் உண்டு. அவனை அவ்வளவு சீக்கிரம் புகழ்ந்துவிட நான் தயாராக இல்லை. ஆகவே மூன்றாவது கட்சியையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

நீங்களும் இதற்குள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். முன்பின் பார்த்திராத ஒருவன் தன் சொந்தத் தலையைப் பற்றி எடுத்த முடிவு அது. உங்களுக்கு அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இருந்தாலும் அது சரியா தவறா என்று ஒரு தீர்ப்பு நாக்கின் நுனியில் நிற்கிறது, அல்லவா? நமக்கு எதுக்கு, ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று உள்ளே ஒரு குரல் எழுந்தால், கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரண்குமாரையே நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கேட்கலாம். கடை காலையிலேயே திறந்திருக்கும். "அது கெடக்கட்டும், உங்களுக்கு எவ்ளோ ரீசார்ஜ்?" என்பான்.