கோடு போட்ட கொண்டென்சர்

மானிப்பாய்ச் சீவரத்தினத்தார் தன்னை ஒரு றேடியோ எஞ்சினியர் என்று நம்புகிறவர். அப்படி நம்புகிற ஒரே ஆளும் அவர்தான். உத்தியோகம் பார்த்தது கூட்டுறவுச் சங்கத்தில், அரிசி மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் நடுவில். ஆனாலும் அவரிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த யுத்த காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அயலட்டைக்கெல்லாம் றேடியோச் செய்தி கேட்க வைத்தவர் அவர். சுற்றியது அவர் கை. வயர் பூட்டியது யார் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அது சின்ன வேலை என்று சொல்லியிருப்பார்.

ஓய்வு பெற்ற கையோடு சமையல் நடக்கிற குசினிக்குப் பக்கத்து அறையைப் பிடித்துக்கொண்டார். ஓடாத மணிக்கூடுகள், சுழலாத மின்விசிறி, சூடாகாத இஸ்திரிப்பெட்டி எல்லாம் அங்கே குடியேறின. திருத்தவென்று உள்ளே போன சாமான் எதுவும் உயிரோடு வெளியே வந்ததாக வரலாறு இல்லை. ஆனால் அந்த அறையில் இருக்கும்போது அவரை யாரும் தேங்காய் துருவக் கூப்பிடுவதில்லை. உலகத்தில் அவருக்கென்று மிஞ்சியிருந்த நிம்மதி அந்த நான்கு சுவருக்குள்தான் இருந்தது.

அதே அறையில் அவர் மனைவி பராசக்திக்கும் கண். பராசக்தியின் கறித்தூளுக்கு லண்டன், கனடா என்று இருக்கிற சொந்தமெல்லாம் அடிமை. கையால் இடித்துக் கட்டுப்படியாகாமல் ஒரு மெஷினே வாங்கிவிட்டார். அரைக்கிற மோட்டர் ஒன்று, மிளகாய் வறுக்கிற இரும்பு உருளை ஒன்று, அந்த உருளையைச் சுற்ற ஒரு கைப்பிடி. மெஷின் முற்றத்தில் மழைக்குப் போர்த்த தறப்பாளுக்குக் கீழே காத்துக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, உந்த அறையை எப்ப ஒழிச்சுத் தாறியள்?"

"அது அறை இல்லை பராசக்தி. வேர்க்‌ஷொப்."

"வேர்க்‌ஷொப் எண்டால் வேலை நடக்கோணும்."

"நடக்குதுதானே."

"உள்ளை போறதைக் கண்டனான். வெளியிலை வாறது ஒண்டையும் காணேல்லை."

சீவரத்தினத்தாருக்கு ரோசம் வந்துவிட்டது. அலுமாரிக்கு மேலே பார்த்தார். அங்கே மாமனாரின் வால்வு றேடியோ இருந்தது. மர உடம்பு, கண்ணாடி முகம். பராசக்தி கலியாணம் முடித்து வரும்போது கூடவே வந்தது. போட்டால் வால்வுகள் மட்டும் சிவக்கும், பாட்டு வராது. மாட்டுக்கு வயிற்றுக்குத்து வந்ததுபோல ஓர் உறுமல்தான் வரும்.

"உன்ரை அப்பாவின்ரை றேடியோவை வாற ஞாயிற்றுக்கிழமை பாட வைக்கிறன். பாடினால் அறையைப் பற்றி நீ வாய் திறக்கக் கூடாது."

பராசக்தி உடனே வேலிப் பக்கம் திரும்பினார். அடுத்த வீட்டு முத்துக்குமாருவும் அவர் மனைவி மீனாம்பிகையும் அங்கே முருங்கைக்காய் பிடுங்குகிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"மீனாம்பிகையக்கா, நீங்களும் அண்ணையும் சாட்சி. இந்த றேடியோவை ஆர் பாட வைக்கினமோ, அவைக்குத்தான் அறை."

"ஆர் எண்டொரு கேள்வி என்னத்துக்கு? என்னை விட்டால் இந்த வீட்டிலை வேறை ஆர் கிடக்கினம்?" என்று சீவரத்தினத்தார் சிரித்தார்.

பராசக்தி சிரிக்கவில்லை. மூளை உள்ள மனுசன் அதைக் கவனித்திருப்பான்.

நோய் என்னவென்று கண்டுபிடிக்க அவருக்குக் கைபேசியில் ஒரு வீடியோ போதுமாக இருந்தது. சுவரிலிருந்து வரும் கரண்டைச் சமப்படுத்தி உள்ளே அனுப்புகிற கொண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கின்றன. பழசைக் கழற்றிப் புதுசு போட வேண்டும். கேட்காமலே மனைவிக்கு விளக்கம் கொடுத்தார்.

"கொண்டென்சர் கிழடு தட்டிப் போச்சு. கிழடு தட்டினால் வேலை ஒண்டும் நடக்காது. சும்மா உறுமிக்கொண்டு கிடக்கும்."

"விளங்குது," என்று பராசக்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "பிளக்கைக் கழட்டினாப் பிறகும் அதுக்குள்ளை கரண்ட் நிக்கும். ஒரு பல்ப்பின்ரை ரெண்டு வயரையும் தொட வைச்சு இறக்கிப்போட்டுக் கையை வையுங்கோ."

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? பிளக் என்ரை கையிலை கிடக்கு. கரண்ட் என்ன வானத்தாலையோ வரப்போகுது?"

கரண்ட் வானத்தால் வரவில்லை. கொண்டென்சருக்குள் இருந்தே வந்தது. சீவரத்தினத்தார் கதிரையோடு பின்னால் போய் ஓடாத மணிக்கூடுகளின் மேல் விழுந்தார். அவற்றில் ஒன்று ஓடத் தொடங்கியது. அவர் வாழ்நாளில் வெற்றிகரமாகத் திருத்திய சாமான் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்ப் புதுக் கொண்டென்சர்கள் வாங்கி வந்தார். எஞ்சினியர்மார் எப்போதும் ஸ்பெயர் வைத்திருப்பார்கள் என்று இன்னொரு சோடியும் சேர்த்து வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு இழுத்திருந்தது. கோட்டுப் பக்கம் பிளஸா மைனஸா? கடைக்காரனிடம் கேட்டால் மரியாதை போய்விடும். மனைவியிடம் கேட்டால் மானமே போய்விடும். யோசித்தார். சைவப் பிள்ளைக்குக் கோடு என்றால் என்ன? நெற்றியில் வெள்ளைக் கோடு இழுத்தவன்தானே கோயிலில் முன்வரிசையில் நிற்கிறான். வெறும் நெற்றிக்காரன்தானே மைனஸ். இந்தத் தத்துவ விசாரணையின் முடிவில் கோட்டுப் பக்கத்தைப் பிளஸில் வைத்து ஒட்டி, சுவிச்சைப் போட்டார்.

கோயில் திருவிழாவில்கூட அப்படி ஒரு வெடி வெடித்ததில்லை. அறை முழுக்கப் புகை. கொண்டென்சரின் குடல் கடதாசிப் பூவாக அவர் தலையில் சொரிந்தது.

"என்னப்பா சத்தம்?" என்று குசினியிலிருந்து கேட்டார் பராசக்தி.

"டெஸ்டிங்."

"என்ன நாத்தம்?"

"புதுச் சாமான் எண்டால் மணக்கும்தானே."

"தலையிலை என்ன?" என்று வாசலில் தலையை நீட்டினார்.

"நீ உன்ரை சோத்தைப் பார்."

றேடியோவின் பியூசும் போய்விட்டது. ஸ்பெயர்ச் சோடி கையில் இருந்தது. ஆனால் அதைத் தொடுகிற தைரியம் கையில் இல்லை. ஞாயிறு நெருங்க நெருங்க சீவரத்தினத்தாருக்கு மெய்யாகவே பயம் பிடித்தது. அறை போனால் எங்கே போய் இருப்பது? முழுநாளும் பராசக்தியின் கண்ணுக்கு எட்டிய இடத்தில் இருப்பதா? நினைக்கவே தேங்காய் துருவுகிற பலகை கண்முன் வந்து நின்றது.

மேதைகளுக்கு ஆபத்தில்தான் ஐடியா வரும். சீவரத்தினத்தாருக்கும் வந்தது. வால்வு, ஸ்பீக்கர் என்று றேடியோவின் உள்ளுடம்பை முழுசாகக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். ஸ்பெயரையும் அதே சாக்குக்குள் போட்டார். வெறும் பெட்டிக்குள், கனடாவில் இருக்கிற மகள் ஆரணி அனுப்பிய கையடக்கப் புளூடூத் ஸ்பீக்கரை வைத்தார். கைபேசியில் பழைய பாட்டைத் தட்டினால் பெட்டி பாடும். கட்டிலுக்குக் கீழே தினமும் விளக்குமாறு போகும் என்பது அந்த மேதைக்குத் தெரியாது. அவர் வாழ்நாளில் விளக்குமாறு பிடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துக்குமாருவும் மீனாம்பிகையும் விறாந்தையில் வந்து இருந்தார்கள். சீவரத்தினத்தார் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து றேடியோவின் குமிழைத் திருகினார். மற்றக் கை சேட்டுப் பொக்கற்றுக்குள் போனது. பெட்டி உடனே பாடியது.

"அண்ணை, வால்வு றேடியோ எண்டால் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்குமெல்லே?" என்றார் மீனாம்பிகை.

"அது பழைய கொண்டென்சர், பிள்ளை. இது என்ரை கொண்டென்சர்."

"சத்தம் வலு கிளியர்," என்றார் முத்துக்குமாரு.

"கை அப்பிடி. இவ சொல்லுறா பல்ப்பை வைச்சு இறக்கோணுமாம். பொம்பிளையள் கொண்டென்சர் கதைச்சால் உலகம் என்னவாகும்?"

பராசக்தி எழும்பி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் என்று குசினிக்குள் போனார்.

சரணம் தொடங்கும்போது பாட்டு பட்டென்று நின்றது. அடுத்ததாக றேடியோவுக்குள் ரெலிபோன் மணி அடித்தது.

முத்துக்குமாரு றேடியோவைப் பார்த்தார். பிறகு சீவரத்தினத்தாரைப் பார்த்தார். "அண்ணை, றேடியோவுக்கு ஆரோ போன் எடுக்கினம்."

சீவரத்தினத்தார் பொக்கற்றுக்குள் கையை விட்டு அழைப்பைத் துண்டிக்கப் பார்த்தார். வியர்த்த விரல் பிழையான இடத்தில் பட்டது.

"இஞ்சாருங்கோ," என்றது மாமனாரின் றேடியோ, மாமனாருடைய மகளின் குரலில். "அவையையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் குசினிக்கு வாங்கோ."

குசினி மேசையில் றேடியோவின் உள்ளுடம்பு உடுப்பில்லாமல் இருந்தது. பின்னால் தொங்கிய வயர் சன்னலுக்கு வெளியே போய் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பியில் முடிந்தது. ஸ்பெயர்க் கொண்டென்சர்கள், புதுப் பியூஸ் எல்லாம் அதனதன் இடத்தில் அடக்கமாக இருந்தன. வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்தன. முதலில் ஒரு கரகரப்பு. பிறகு கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் நிலையத்தின் நாதஸ்வரம் குசினி நிறைய எழும்பியது. உறுமல் துளியும் இல்லை.

"பாட வைச்ச ஆளுக்கு அறை," என்றார் மீனாம்பிகை. "நாங்கள் சாட்சி."

சீவரத்தினத்தார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ… உது எப்பிடி உனக்குத் தெரியும்?"

"அந்தக் காலத்திலை சைக்கிள் டைனமோவிலை டயோட்டும் கொண்டென்சரும் வைச்சு ஒட்டினது ஆர்? கோடு போட்ட பக்கம் மைனஸ். அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப நான்?"

"நீங்கள் சுத்தினனீங்கள்."

முத்துக்குமாரு இருமுவதுபோலச் சிரித்தார். மீனாம்பிகை இருமவில்லை, நேராகவே சிரித்தார்.

பின்னேரத்துக்குள் ஓடாத மணிக்கூடுகளெல்லாம் முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே போய்விட்டன. மெஷின் அறைக்குள் வந்துவிட்டது. வெறும் றேடியோப் பெட்டிக்குள் காய்ந்த செத்தல் மிளகாய் குவிந்திருந்தது. சீவரத்தினத்தார் எங்கே இருப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார். பராசக்தி உருளைக்குள் மிளகாயைக் கொட்டி, அடுப்பை மூட்டி, கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார்.

"சுத்துங்கோ. இதிலை பிளஸ் மைனஸ் ஒண்டும் இல்லை."