பீரோவை நகர்த்தக்கூடாது

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், அதன் உருவம் அப்படியே மரத்தரையில் கருகிக் கிடந்தது.

"ஏங்க, என்ன கருகுது?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சட்டை" என்றான் மாப்பிள்ளை. சட்டை அவன் கையில் பளிச்சென்று இருந்தது.

அவள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "போச்சு. சாயங்காலம் அப்பா வர்றாரு!"

அந்த ஹாலுக்கு மரத்தரை போட்டுக் கொடுத்ததே மாமனார்தான். தச்சரைக்கூட நம்பாமல் தன் கையாலேயே போட்டவர். வரும்போதெல்லாம் வெறுங்காலோடு நடந்து பார்த்து, "ஒரு கீறல் காட்டுங்க மாப்பிள்ளை" என்பார். போன தடவை குழாய் ஒழுகுகிறது என்று வாய் தவறிச் சொன்னதற்கு, சரிபண்ணுகிறேன் என்று இரண்டு மாதம் தங்கிவிட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

"இதைப் பாத்தாருன்னா நிரந்தரமா இங்கேதான்" என்றான் மாப்பிள்ளை.

"தச்சரைக் கூப்பிடுங்க."

"அந்த ஆளு உங்கப்பாவோட சீட்டாடறவரு. வாய் சும்மா இருக்குமா? நானே மாத்தறேன். ஒரே ஒரு பலகைதானே?"

ஒரே ஒரு என்று ஆரம்பிக்கிறவனை மட்டும் நம்பவே கூடாது.

உளியை வைத்து நெம்பினான். இந்தப் பலகைகள் ஒன்றின் ஓரம் இன்னொன்றின் பள்ளத்துக்குள் செருகியிருக்கும். தனியாக வராது. கருகியது வரும்போது பக்கத்துப் பலகையின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இப்ப ரெண்டு."

"உன்னை எண்ணச் சொன்னேனா?"

"மாத்துப் பலகைக்கு எங்கே போவீங்க?"

"பீரோவுக்கு அடியில இருக்கறதை எடுத்து இங்கே போட்டா யாருக்குத் தெரியும்?"

"ஐயோ! அதை மட்டும் நகர்த்தவே கூடாதுன்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. பாரம் மாறினா தரையே தூக்கிக்குமாம்."

"உங்கப்பா குழாயையும்தான் சரிபண்ணிட்டேன்னு சொன்னாரு. பிடி அந்தப் பக்கம்."

இருவரும் தள்ளினார்கள். மடாரென்று ஒரு சத்தம். பீரோ நகர்ந்தது. அடியில் பார்த்தால், மூன்று பலகைகள் குறுக்கே பிளந்து கிடந்தன.

"அப்பா சொன்னாரா இல்லையா?" என்று அவள் கத்தினாள்.

மாப்பிள்ளைக்கு முதல்முறையாக மாமனார்மேல் மரியாதை வந்தது.

இருப்பது ஒரு பீரோ. மறைக்க வேண்டியது இரண்டு இடம். ஹால் நடுவில் இருக்கும் ஓட்டைதான் முதலில் கண்ணில் படும் என்று பீரோவை அங்கே தள்ளினார்கள். ஒரு கால் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. பீரோ குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. இனி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

வாசல் மணி அடித்தது.

"பிளந்த இடத்துல பாயைப் போட்டுப் படுங்க! முதுகு பிடிச்சிருக்குன்னு சொல்லிக்கிறேன்."

"பொய்யே வேணாம். நிஜமாவே பிடிச்சிருக்கு."

மாமனார் வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து சுத்தியல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றினார். சாய்ந்து நின்ற பீரோவைப் பார்த்தார். பாயில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பாய் போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அவருக்கு முதுகு பிடிச்சிருக்குப்பா. டீ போடட்டுமா?"

"போடும்மா. நல்லாக் கொதிக்கட்டும், அவசரமில்ல."

அவள் உள்ளே போனதும் மாமனார் பாய் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"அடுத்த வண்டிக்கே கிளம்பிடறேன், பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, தரை போட்ட அன்னைக்கே இந்தப் பலகைங்களை உடைச்சுட்டுத்தான் மேல பீரோவை வச்சேன்."