எந்தக் கொப்பி கடைசிக் கொப்பி?

கொழும்பில் கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்தை நம்பாதவர்களை எண்ணி முடியாது. ஆனால், ஒரு பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது இருப்பதாகவே நம்பாத மனிதர் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் எங்கள் கொப்பி அண்ணை.

அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்திக் கொடுக்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஃபார்மசிக்கு மேல்மாடி. நான் அங்கே தொலைபேசி எடுப்பவள். எந்தத் தொழிற்சாலையில் எது நின்றாலும் முதலில் ஏச்சு வாங்குவது நான். மிச்சத்தை நேரில் போய் வாங்குவது கொப்பி அண்ணை.

இயந்திரத்தின் முன்னால் தொட்டு இயக்கும் ஒரு சின்னத் திரை இருக்கும். பனல் என்போம். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்தலாம், எப்போது திறக்கலாம் என்று வேலையாளுக்கு அதுதான் சொல்லும். பனல் செத்தால் புதிது வாங்கலாம். ஆனால் அதில் என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுதிய கோப்பு கையில் இல்லாவிட்டால் புதுப் பனல் வெறும் கண்ணாடி.

"அது பழைய பனலுக்குள்ளயே இருக்கும்தானே அண்ணை? எடுத்துப் போட ஏலாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பனலுக்குள்ள இருக்கிறது சுட்ட பாண், பிள்ளை. எங்களுக்கு வேண்டியது மா. பாணில இருந்து மாவைத் திருப்பி எடுக்க ஏலுமே?"

ஆகவே அவர் மாவைச் சேர்த்தார். போகிற தொழிற்சாலை எல்லாவற்றிலும் சேர்த்தார். காற்றாடி பழுது என்று கூப்பிட்டால் காற்றாடியைத் திருத்திவிட்டு, கேட்காமலே பனல் கோப்பைத் தேடிப்பிடித்து நகல் எடுப்பார். அதுதான் கொப்பி. ஒவ்வொன்றிலும் ஏழு. அலுவலகத்தில் இரண்டு, வெள்ளவத்தையில் அவருடைய வீட்டில் இரண்டு, களுபோவிலையில் மச்சான் வீட்டில் ஒன்று, ஃபார்மசிக்காரரின் அலுமாரியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. ஃபார்மசிக்கார நானா ஒருமுறை இருமல் மருந்து என்று நினைத்து அந்தப் பென் டிரைவ் பெட்டியை ஒரு கிழவிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். கொப்பி அண்ணை கிழவியைத் தேடி ஜம்பட்டா வீதி முழுக்க நடந்தார்.

வீட்டில் மூன்று பழைய லப்டொப்புகள் வைத்திருந்தார். பழைய கோப்பைப் புது மென்பொருளில் திறந்தால் அது மாறிப்போகும், பிறகு பழைய பனல் ஏற்காது. அதற்காக அந்தந்தக் காலத்து லப்டொப் அப்படியே இருக்க வேண்டுமாம். அவருடைய மனைவி என்னிடம் முறையிட்டார்: "எனக்கு ஒரு மாமிதான் எண்டு கலியாணம் கட்டினனான். இப்ப நாலு. இந்த மூண்டுக்கும் ஃபேனும் போட்டு விட வேணுமாம்."

என் கலியாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு ரைஸ் குக்கர் கொண்டுவந்தார். "ஒண்டு சமைக்கிறதுக்கு. மற்றது அது போனால்." மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்லவேளை, மேளம் அடித்தது.

ஒரே ஒருமுறைதான் காரணம் கேட்டேன். "கொட்டாஞ்சேனையில ஒண்டு, வெள்ளவத்தையில ஒண்டு இருந்தாக் காணாதோ அண்ணை? ரெண்டுமே எரியப் போகுது?"

அவர் சிரிக்கவில்லை. "எரியாதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது அவருக்குப் பத்து வயது. வெள்ளவத்தை வீடு எரிந்தபோது பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடத்துத் தேர்ச்சிப் பத்திரம் எல்லாம் போயின. அதன்பின் அவருடைய அப்பா, தான் பிறந்தது உண்மை என்று நிரூபிக்கவே நாலு வருஷம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தாராம். அதற்குமேல் நான் பகிடி பண்ணவில்லை. மற்றவர்கள் பண்ணினார்கள்.

ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பனல் கருகி, அடுப்பு நின்று, முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது, கொப்பி அண்ணை சட்டைப்பையில் கைவிட்டார். அரை மணித்தியாலத்தில் அடுப்பு எரிந்தது. அன்றைக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. வாய் நிறையப் பிஸ்கட்.

கொப்பி எடுப்பதைவிட அவருக்குப் பெரியது, எடுத்த கொப்பியை ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பது. "ஓடவிட்டுப் பாக்காத கொப்பி கொப்பியில்லை, நேர்த்திக்கடன்" என்பார். புதுப் பனல் போட்டால் இயந்திரத்தை வெறுமையாக ஒரு சுற்று ஓட்டி, ஒவ்வொரு இலக்கத்தையும் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார். மனேஜர்மார் எனக்குத் தொலைபேசி எடுத்துக் கத்துவார்கள்.

இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற கதை அல்ல.

களனிப் பக்கம் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கை. அங்கே ஆள் உயர இரும்புத் தாங்கிகள். உள்ளே கொதிக்கும் சாயத்தண்ணீர், அழுத்தத்தோடு. அழுத்தம் இறங்கிப் பூச்சியமானதும் பனலில் பச்சை எழுத்தில் 'திறக்கலாம்' என்று சிங்களத்தில் வரும். பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

அவற்றில் ஒரு தாங்கியின் அழுத்த மீட்டரை முந்தின வருஷம் மாற்றியிருந்தோம். புது மீட்டரைப் பார்க்கும்படி பனல் கோப்பையும் கொப்பி அண்ணை திருத்தியிருந்தார். பழைய கோப்பு, கழற்றிப் போட்ட பழைய மீட்டரைத்தான் பார்க்கும். இல்லாத மீட்டர் எப்போதும் பூச்சியம் காட்டும்.

அந்த நாட்களில் எங்கள் எம்.டி.க்கு விளம்பரத் தாள் ஒன்று தேவைப்பட்டது. "சாயத் தாங்கி ஸ்க்ரீன் வடிவா இருக்கும், ஒரு படம் எடுத்துத் தாரும்" என்றார். நான் என் மேசையிலிருந்து அந்தக் கோப்புகளில் ஒன்றைத் திறந்தேன். எது பழையது, எது புதியது என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்தேன். மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். பழைய கோப்புக்கு அன்றைய திகதி ஏறியது. அந்த வாரமும் வழக்கம்போல் கொப்பி அண்ணை அலுவலகக் கோப்புகளைத் தன் பென் டிரைவுக்குக் கொப்பி எடுத்தார்.

பவர் கட்டும் பெற்றோல் கியூவுமாக நாடு நின்ற காலம். கரண்ட் வந்து போய், வந்து போய், தாங்கியின் பனல் செத்தது. கொப்பி அண்ணை வெள்ளவத்தையிலிருந்து களனிக்குச் சைக்கிளில் போனார். போய்ச் சேர்ந்தபோது அடுத்த பவர் கட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. துணி உள்ளே கிடந்தது. மனேஜர் எனக்குத் தொலைபேசி எடுத்தார், எம்.டி.க்கு எடுத்தார். எம்.டி. கொப்பி அண்ணைக்கு எடுத்தார்.

"டெஸ்ட் ஒண்டும் வேண்டாம். ஏத்திப்போட்டு வாரும்."

"ஒரு சுத்து ஓடவிட்டுப் பாக்க வேணும் சேர்."

"நீர் பாத்து முடிய அவங்கள் வேற கம்பனிக்குப் போயிடுவாங்கள். ஏத்தும்."

அவர் கொண்டுபோன புதுப் பனலைப் பொருத்தி, பென் டிரைவில் கடைசித் திகதியுள்ள கோப்பை எடுத்து ஏற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஓடவிட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார்.

அவர் கேற்றைத் தாண்டியபின் பச்சை எழுத்து வந்தது. சிறிபால என்ற வேலையாள், இருபது வருஷ அனுபவக்காரர், மூடியைத் திறந்தார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

தொழிற்சாலையும் நாங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தோம். வேலையாள் நேரத்துக்கு முந்தித் திறந்தார், கவனக்குறைவு. எம்.டி. சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். அழுத்தம் இருந்தால் திறக்கவிடாத இரும்புப் பூட்டு ஒன்று அந்த மூடியில் உண்டு. அது மாதக்கணக்காக உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. அது அறிக்கையில் வரவில்லை.

அடுத்த நாள் கொப்பி அண்ணை என் மேசைக்கு வந்தார். ஷேவ் எடுக்கவில்லை. அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, ஒரு கடிதம் அடிச்சுத் தாரும். எனக்குச் சிங்களம் எழுத வராது."

அவர் சொல்ல நான் சிங்களத்தில் அடித்தேன். 'நான் பழைய கோப்பை ஏற்றினேன். ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பனல் பொய் சொன்னது. சிறிபால பனல் சொன்னதைத்தான் செய்தார். பூட்டு உடைந்திருந்தது.' அவ்வளவுதான். பழைய கோப்புக்குப் புதுத் திகதி எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எம்.டி. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நாலாகக் கிழித்தார். "பைத்தியமா உமக்கு? பொலிஸ் உம்மைத்தான் கொண்டுபோகும்."

கொப்பி அண்ணை கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார். "இது ஒண்டுதான் சேர். மற்ற ஆறும் காலமை பொலிசுக்கும் லேபர் கந்தோருக்கும் தபால்ல போட்டிட்டன்."

"ஆர் அடிச்சது?"

"நான்தான். ஒரு விரலால."

அவரால் சிங்களத்தில் தன் பெயரைக்கூட அடிக்க முடியாது என்பது எம்.டி.க்குத் தெரியும். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மணி அடிக்காத தொலைபேசியை நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

சிறிபாலவின் மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு வேலைத்தலச் சிங்களம்தான் வரும்; மொழிக்காக நானும் போனேன். களனி ஆற்றோரத்துச் சின்ன வீடு. வாசலில் வெள்ளைக் கொடி இன்னும் கழற்றவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பெண் எங்களை இருக்கச் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்:

"ஊரில் அவர் குடித்திருந்தார் என்று கதைக்கிறார்கள். குடிக்கவில்லை என்று அதிலே எழுதினீர்களா?"

எழுதவில்லை. கொப்பி அண்ணை நின்ற நிலையிலேயே, சுவரில் தாளை வைத்து, அந்த வரியைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் கீழே சிங்களத்தில் எழுதினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கடிதங்கள் வேலை செய்தன. விசாரணை திரும்பத் தொடங்கியது. சிறிபாலவின் பெயரிலிருந்து 'கவனக்குறைவு' நீங்கியது. குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. கொப்பி அண்ணை இரண்டு நாள் பொலிஸில் இருந்தார், ஒன்றரை வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார், கடைசியில் தண்டப்பணத்தோடு விட்டார்கள். வேலை முதல் நாளே போயிருந்தது. பிறகு எந்தக் கம்பனியும் அவரை எடுக்கவில்லை. உண்மை எழுதுகிற ஆளை வைத்து யார் என்ன செய்வது?

எம்.டி. என்னிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து நானாகவே அந்த வேலையை விட்டேன். ஏழு மாதம் என்பது நீண்ட காலம்.

போன மாதம் வெள்ளவத்தை ஸ்டேஷனில் அவரைக் கண்டேன். கடலைப் பார்த்தபடி பெஞ்சில் இருந்தார். மெலிந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாராம்.

பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் விலைவாசி கதைத்தோம். பிறகு என்னால் முடியவில்லை.

"அண்ணை, அந்தக் கோப்பைத் திறந்து சேமிச்சது நான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"கடைசியாத் திறந்த கொம்பியூட்டர்ட பேர் கோப்புக்குள்ள இருக்கும். உம்மட மேசை. விபத்து நடந்த அண்டைக்குப் பின்னேரமே பாத்தனான்."

"அப்ப ஏன் கடிதத்தில சொல்லேல்லை?"

"கோப்பை நூறு பேர் திறப்பினம், பிள்ளை. ஓடவிட்டுப் பாக்கிறது என்ர வேலை." கடலைப் பார்த்தார். "நீர் அழாதையும். சனம் பாக்குது. நான் ஏதோ செய்துபோட்டன் எண்டு நினைக்கப் போகினம்."

கோட்டைக்குப் போகும் ரயில் வந்தது. நான் ஏற வேண்டியது. அது போனது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது வந்தபோது, "பிள்ளை, பிந்தப் போகுது" என்றார். நான் எழும்பவில்லை.