சேவ் பண்ணாத கடிதம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து ஒப்பீசில் இருபத்தாறு வருஷமாகக் கிளாக்கர் வேலை பார்க்கும் யேசுரத்தினத்துக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, பழைய கம்ப்யூட்டரில் எழுதியது போதும், இனி எல்லாம் இன்டர்நெட்டில்தான் என்று கம்பெனி போட்ட உத்தரவு. மற்றது பதுளை. அங்கேதான் மனைவி அந்தோனியம்மாவின் அண்ணன்மார் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மீசை.

அவள் ஆசைப்பட்டபடியே பதுளைக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. வேண்டாமென்றால் இன்று பகல் பன்னிரண்டுக்குள் தோட்ட மேனேஜர் துரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

புது அக்கவுண்ட் திறக்கத் தெரியாமல் முந்தின நாள் அவர் விழித்தபோது, அந்தோனியம்மாதான் தன் போனில் திறந்து கொடுத்தாள். அதனால் என்ன? சேவ் பண்ணினால்தானே கடிதம். எழுதி, பிரின்ட் எடுத்து, சேவ் பண்ணாமல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இத்தனை வருஷமும் அப்படித்தான்.

'என் மனைவிக்கு மூட்டுவலி. பதுளைச் சூடு ஒத்துக்கொள்ளாது' என்று தட்டினார்.

மூட்டுவலி அழிந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். சூடும் அழிந்தது. அந்த இடத்தில், 'என் மனைவி நல்ல சுகம்' என்று எழுத்து தானாக வந்து உட்கார்ந்தது. யேசுரத்தினத்துக்குக் குப்பென்று வேர்த்தது. இதே நாற்காலியில் இருந்தபடியே செத்துப்போன பழைய கிளாக்கர் ஞாபகத்துக்கு வந்தார். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

ஒப்பீஸ் போன் அடித்தது. அந்தோனியம்மா.

"என்னங்க, எனக்கு எப்ப மூட்டுவலி வந்துச்சு?"

"நான்... நான் இன்னும் சேவே பண்ணலையே."

"அது தட்டத் தட்டத் தானா சேவ் ஆகுதுங்க. காலையில இருந்து என் போன்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சும்மா தட்டிப் பழகுனேன், அந்தோனி."

"பழகுனது போதும். மிச்சத்த நானே எழுதித் தொரைக்கு அனுப்பிட்டேன். அண்ணனுங்க மூணு பேரும் லொறியோட வர்றாங்க."

அதற்குள் துரை கூப்பிட்டனுப்பினார். பெண்சாதி எழுதிய கடிதம் என்று தெரிந்தால் வேலையே போய்விடும். யேசுரத்தினம் உள்ளே போய் நின்றார்.

துரை சிரித்தார்.

"சந்தோஷமா பதுளைக்குப் போங்க, யேசுரத்தினம். இருபத்தாறு வருஷத்துல நீங்க பிழையில்லாம எழுதுன கடிதம் இது ஒண்ணுதான்."