மச்சான் கழுவிய கால்

பொறாமைப்பட ஆள் தேடி யாரும் வெளியே அலைய வேண்டியதில்லை. கல்யாணம் நிச்சயமானால் போதும், பெண் வீட்டிலேயே ஒருவரைத் தயாராக வைத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தவர் பெயர் ரூபன். என் மனைவி தனாவின் அண்ணன்.

அப்போது நிச்சயம் மட்டும்தான் முடிந்திருந்தது. தனாவின் வீடு கிள்ளானில், என் வீடு ரவாங்கில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. (மகன் ஆபீசர் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் ஆபீசில் இருந்தேன், அது வரைக்கும் உண்மை.) போனில் நான் எதைச் சொன்னாலும் தனாவிடம் அதற்கு ஓர் அண்ணன் கதை இருக்கும். மேகி மீ நூடுல்ஸ் நன்றாகச் சமைப்பேன் என்றால், அண்ணன் பிரியாணி கிண்டுவார். புதிதாகக் கார் எடுத்திருக்கிறேன் என்றால், அண்ணன் லோரியே ஓட்டுவார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஷூவை மட்டும் பொறுக்க முடியவில்லை.

நிச்சயத்தன்று ரூபன் பழுப்பு நிறத் தோல் ஷூ போட்டிருந்தார். வாசலில் நூறு செருப்புக்கு நடுவே அது மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அன்றே தனா போனில் சொன்னாள்:

"எங்க அண்ணன் ஷூ பாத்தீங்களா? நீங்களும் கல்யாண டின்னருக்கு அந்த மாதிரி ஒண்ணு போடுங்களேன்."

அந்த மாதிரியா? அதைவிட நல்லதாகப் போடுகிறேன் என்று மனத்துக்குள் கருவிக்கொண்டேன். காலையில் கோயில் மண்டபத்தில் தாலி, மாலையில் டின்னர். அந்த ஒரு நாளாவது அவள் அண்ணனை மறந்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு பண்டல் கடை உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாமென்று கழித்த துணியும் காலணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். அங்கேதான் அதைக் கண்டேன். இங்கிலாந்துத் தோல், அடிப்பாகம் தேயவே இல்லை.

"யாருமே போட்டதில்ல பாஸ், உள்ள பாருங்க" என்றார் கடைக்காரர்.

பார்த்தேன். பளபளவென்று இருந்தது. யாரும் போடாத ஷூ எதற்காகப் பழைய ஷூ கடைக்கு வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு சைஸ் சின்னதாக இருந்தது. தோல்தானே, இளகிவிடும் என்று வாங்கிவிட்டேன்.

இளகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினேன். தடித்த சாக்ஸ் போட்டு உள்ளே காலைத் திணித்து, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினேன். பையில் தண்ணீர் நிரப்பி ஷூவுக்குள் வைத்து ஐஸ்பெட்டியில் உறைய விட்டால் தோல் விரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதையும் செய்தேன். மீன் எடுக்கப் போன அம்மா அலறினார்.

"டேய்! தெங்கிரி மீனுக்குப் பக்கத்துல என்னடா சப்பாத்து? மாப்பிள்ளை ஆகப் போறவன் செய்யற வேலையாடா இது?"

தோல் விரியவில்லை. மீன் வாடை மட்டும் ஷூவில் நிரந்தரமாகக் குடியேறியது.

கடைசி வழியாக, ஈர சாக்ஸோடு வேலைக்குப் போட்டுப் போனேன். ரவாங்கிலிருந்து கொமியூட்டர் ரயிலில் நின்றுகொண்டே பயணம். கல்யாணத்துக்கு முந்தைய நாள் வீடு திரும்பியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, ஷூவின் சாயம் கணுக்கால் வரை ஏறியிருந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுத்தேன். வேட்டி மறைத்துவிடும் என்று ஒரு தைரியம்.

என்ன மடையன் பாருங்கள்! மண்டப வாசலில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உள்ளே அழைத்துப் போகும் சடங்கு இருப்பதை நான் மறக்கவே இல்லை. சொல்லப்போனால், அந்த ரூபன் என் காலடியில் குனியும் காட்சியை மாதக்கணக்கில் மனத்தில் ஓட்டி ரசித்திருந்தேன். குனிபவர் பார்க்கப்போவது என் காலை என்பது மட்டும் உறைக்கவில்லை.

ரூபன் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"கால வைங்க மச்சான்."

"சும்மா ரெண்டு சொட்டு தெளிச்சா போதும்லா மச்சான்" என்று கெஞ்சினேன்.

வீடியோக்காரர் விடவில்லை. "ப்ரோ, நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. குளோஸ்அப் எடுக்கறேன்."

மச்சான் எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்பவர். மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். தாம்பாளத்துத் தண்ணீர் கோப்பி நிறமானது. பின்னாலிருந்து ஓர் ஆன்டி, "மாப்பிள்ளை ஆபீசர்னாங்க, பெயிண்ட் அடிக்கிறவரா?" என்று கேட்டார். அதே நேரம் பிளாஸ்டர் உரிந்து, மஞ்சள் நேராகப் புண்ணில் இறங்கியது.

"ஆஆ!"

கால் தானாக உதறியது. தாம்பாளம் பறந்தது. ரூபனின் பட்டு ஜிப்பா முழுக்கக் கோப்பி. என் அலறலை ஐயரின் குரல் என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். மண்டபத்துக்குள் இருந்தவர்கள் தாலி ஏறிவிட்டதென்று எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள்.

ரூபன் என் குதிகாலைப் பார்த்தார். சிரித்துத் தொலைத்திருக்கலாம், எனக்கும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. காருக்கு ஆள் அனுப்பி மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். (காரில் மருந்துப் பெட்டி! யார் வைத்திருக்கிறார்கள்?) என் காலைத் தன் மடியில் வைத்து, கைக்குட்டையால் ஒற்றி, மெதுவாகக் கட்டுப் போட்டார். பெயிண்ட் என்று கேட்ட ஆன்டி இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணவறையில் நான் தாலி கட்டிக் கொண்டிருந்தபோது தனா என் காதருகே சொன்ன முதல் வார்த்தை:

"எங்க அண்ணன பாத்தீங்களா?"

மாலையில் அந்த இங்கிலாந்துச் சனியனுக்குள் கட்டுப் போட்ட கால் நுழைய மறுத்தது. ரூபன் தன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தார். போட்டேன். அளவு பெரிது, கட்டோடு கச்சிதமாக இருந்தது. உள்ளே வெண்ணெய் மாதிரி மிருது. வயிறு எரிந்தது.

"எப்படி மச்சான் இவ்ளோ சாஃப்ட்டா பழக்குனீங்க?"

"நான் எங்க பழக்குனேன்? இதுவும் பண்டல்தான். மேருல ஒரு கடை. கைய உள்ள விட்டுப் பாக்கணும் மச்சான், யாராவது நல்லா போட்டு நடந்தது கிடைக்கும். யாரும் போடாதத எடுத்தா செத்தோம். கடிக்குதுன்னுதானே தூக்கிப் போட்டிருப்பான்?"

அதே கடை. எனக்கு மட்டும் இந்த வெள்ளைக்காரன் வந்து மாட்டினான்.

கோட்டு சூட்டோடு ரப்பர் ஜப்பான் சிலிப்பர் மாட்டிக்கொண்டு ரூபன் ஒவ்வொரு மேசையாகப் போய் விருந்தாளிகளை வரவேற்றார். எல்லோரும் காரணம் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தனாதான் மேசை மேசையாகச் சொன்னாள்.

இப்போதும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் கால் கழுவும் நேரம் நெருங்கினால், யாராவது மேளக்காரரிடம் போய், "மாப்பிள்ளை கத்துனா கொட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுகூடப் பழகிவிட்டது.

பழகாதது ஒரு படம். கிள்ளானில் மாமியார் வீட்டு ஹாலில், எங்கள் கல்யாணப் படங்களிலேயே பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதுதான். குனிந்து கட்டுப் போடும் ரூபன், முகத்தில் அப்படி ஒரு கருணை. அவர் மடியில் ஒரு கால். முழங்காலுக்கு மேல் நான் இல்லை.

போன தீபாவளிக்கு மாமியாரைப் பார்க்க வந்த ஓர் ஆன்டி அதை வெகுநேரம் ரசித்துவிட்டு, கீழே முறுக்கு தின்றுகொண்டிருந்த என்னிடம் திரும்பினார்.

"எவ்ளோ அழகா இருக்கு! தம்பி, நீங்க இந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களா?"

"போயிருந்தேன் ஆன்டி" என்றேன். "கொஞ்சம் முன்னாலதான் நின்னேன்."